மூன்று பழைய ஆம்ப்கள், ஒரே ஸ்பீக்கர்: வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

கேள்வி, ஜனவரி 6

1970களின் இன்டக்ரேட்டட் ஆம்ப்ளிஃபையர்களில் (வால்யூம், டோன், ஸ்பீக்கரை ஓட்டும் பகுதி எல்லாம் ஒரே பெட்டியில் உள்ள ஆம்ப்) ஓர் இனிமை இருந்தது, 1980களில் வந்தவை வறண்டு போய்விட்டன என்று பலர் சொல்லக் கேட்கிறேன். ஒரே ஸ்பீக்கரில் பழைய ஆம்ப்களை மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? விவரத் தாளில் உள்ள எண்கள் வேண்டாம். காதில் என்ன விழுந்தது, அதைச் சொல்லுங்கள்.

ஜனவரி 6, இரவு

நான் கேட்டிருக்கிறேன். என்னிடம் மூன்று இருக்கின்றன. கம்பெனிப் பெயர்களைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் பேச்சு அந்தப் பெயரைச் சுற்றியே போய்விடும். வெள்ளிமுகம், கறுப்புப்பெட்டி, மரப்பெட்டி என்று வைத்துக்கொள்வோம்.

வெள்ளிமுகம் 1970களின் நடுவில் ஜப்பானில் செய்தது. முகப்பு முழுக்க அலுமினியம், தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் கனம். கறுப்புப்பெட்டி 1980களின் தொடக்கத்தது. சின்னது, 25 வாட், முகப்பில் நாலே குமிழ். மரப்பெட்டி 1970ஐ ஒட்டி வந்த டிரான்சிஸ்டர் ஆம்ப், மரச்சட்டைக்குள் இருக்கும்.

இன்று மாலை மூன்றையும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். வெள்ளிமுகத்தில் துடிப்பு இருக்கிறது. டிரம் அடி முன்னால் வந்து விழுகிறது. கறுப்புப்பெட்டி ஒழுங்கானது, ஆனால் கொஞ்சம் ஒதுங்கி நிற்கிறது. மரப்பெட்டியின் பேஸ் (கீழ்ச்சுர ஒலி) மெலிந்தது, சுத்தமானது. அதில் டபுள் பாஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்தின் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகத் தெரிகிறது, மற்ற இரண்டிலும் அவை ஒன்றோடொன்று குழைகின்றன. எனக்கு மூன்றில் மரப்பெட்டிதான் பிடிக்கும்.

ஆக, வித்தியாசம் உண்டு. சின்ன வித்தியாசமும் அல்ல.

ஜனவரி 9

மேலே எழுதியதில் ஒரு ஓட்டை இருக்கிறது. மூன்றையும் ஒரே சத்த அளவில் வைத்துக் கேட்டேனா என்று ஒருவர் கேட்டார். வைக்கவில்லை. காதால் சுமாராகச் சரிசெய்துகொண்டேன், அவ்வளவுதான். அது போதாது. சத்தம் அரை டெசிபல் (டெசிபல் என்பது சத்தத்தின் அலகு) கூடுதலாக இருந்தால் அதைக் காது 'சத்தம் கூட' என்று எடுத்துக்கொள்ளாது. 'தெளிவு கூட', 'உயிர் கூட' என்றுதான் எடுத்துக்கொள்ளும். மறுபடி செய்கிறேன்.

ஜனவரி 14

அளந்து செய்தேன். முறையை விவரமாக எழுதுகிறேன், வேறு யாருக்காவது உதவும்.

300 ஹெர்ட்ஸ் சைன் அலையை (ஒரே சுரமாக நீளும் ஒலி) ஒரு கோப்பாகப் பதிந்து ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். 1000 ஹெர்ட்ஸ் வேண்டாம். சாதாரண மல்டிமீட்டர்கள் மின்சார லைனின் அதிர்வெண்ணுக்காகச் செய்யப்பட்டவை, சில நூறு ஹெர்ட்ஸைத் தாண்டினால் பல மீட்டர்கள் குறைத்துக் காட்டும். ஸ்பீக்கரை இணைத்தபடியே அளக்க வேண்டும், கழற்றிவிட்டு அல்ல. ஒன்றில் 2.00 வோல்ட் என்றால் மற்றதிலும் 2.00 வர வேண்டும். 2.02 வந்தால் 0.1 டெசிபல் வித்தியாசம், அதை விட்டுவிடலாம். 2.12 என்றால் அரை டெசிபல், விடக்கூடாது.

இதில் இன்னொன்றும் தெரிந்தது. ஸ்பீக்கரின் தடை 8 ஓம் என்றால், 2 வோல்ட் என்பது வெறும் அரை வாட். அந்த அளவிலேயே என் அறையில் பாட்டு தாராளமாகக் கேட்கிறது. இத்தனை நாளும் 60 வாட்டா, 25 வாட்டா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நான் கேட்டதில் பெரும்பகுதி அந்த முதல் வாட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

அளவைச் சரிசெய்த பிறகு வெள்ளிமுகத்தின் 'துடிப்பு' பெருமளவு போய்விட்டது. மனம் ஒப்பவில்லை. கம்பிகளையெல்லாம் கழற்றி மாட்டி மறுபடி கேட்டேன். போனது போனதுதான். மரப்பெட்டி மட்டும் இப்போதும் தனியாகத் தெரிகிறது.

ஜனவரி 15

அந்தத் துடிப்பு எங்கிருந்து வந்தது என்று இரவு யோசித்தேன். விடை ஆம்ப்பின் பின்புறத்தில் இருக்கிறது.

1970களின் ஆம்ப்கள் ட்யூனருக்கும் டேப் டெக்குக்கும் ஏற்றபடி செய்யப்பட்டவை. 150 மில்லிவோல்ட் உள்ளே வந்தால் முழுச் சக்தியும் வெளியே வரும் என்பதுதான் பெரும்பாலும் கணக்கு. 1982இல் சிடி பிளேயர் வந்தது, அதன் முழு வெளியீடு 2 வோல்ட். இது 150 மில்லிவோல்ட்டைப் போல 13 மடங்குக்கு மேல், டெசிபலில் சொன்னால் 22க்கும் மேல். அதனால்தான் பழைய ஆம்ப்பில் சிடியை மாட்டிக் குமிழைக் கடிகார முள்ளின் எட்டு மணி நிலைக்குத் திருப்பினாலே அறை அதிர்கிறது. 'இந்தக் கால ஆம்ப்பில் பாதி திருப்பினால்தான் வரும் சத்தம் இதில் தொட்டவுடன் வருகிறது, எவ்வளவு பலம் பாருங்கள்' என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது பலம் அல்ல, உணர்திறன்: சின்ன உள்ளீட்டுக்கே பெரிய சத்தம். வெள்ளிமுகத்தின் துடிப்பும் அந்தக் கூடுதல் சத்தம்தான். சைக்கிளில் கியர் மாற்றுவது போன்றது, மிதிப்பவர் கால் மாறுவதில்லை.

இதில் ஒரு தீமையும் உண்டு. வால்யூம் குமிழின் அடியில் இருக்கும் இரட்டைப் பொட்டென்ஷியோமீட்டரில் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மாறுதடை) இடப்பக்கமும் வலப்பக்கமும் தொடக்கப் பகுதியில் ஒன்றாக ஓடுவதில்லை. வெள்ளிமுகத்தில் எட்டு மணி நிலையில் இடப்பக்கம் 1.5 டெசிபல் குறைவு, பாடகி வலப்பக்கமாக நகர்ந்துவிடுகிறார். பத்து மணியைத் தாண்டினால் நடுவுக்கு வந்துவிடுகிறார். சிடியின் கம்பியில் 10 டெசிபல் குறைக்கும் ரெசிஸ்டர் ஜோடியைப் போட்டேன். இப்போது குமிழைத் திருப்ப இடம் இருக்கிறது, பாடகியும் நடுவில் நிற்கிறார். பழைய ஆம்ப் வைத்திருப்பவர்கள் வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்து பாருங்கள்.

ஜனவரி 17

வெள்ளிமுகத்தின் டோன் குமிழ்கள் இரண்டும் நடுவில்தான் இருந்தன. ஆனால் நடு என்பது நடு அல்ல. கணினியின் ஒலி அட்டை வழியாக அளந்து பார்த்தால் 10,000 ஹெர்ட்ஸில் 0.8 டெசிபல் மேலே நிற்கிறது. டோனை முழுவதும் விலக்கும் ஸ்விட்சைப் போட்டால் கோடு போல நேராகிறது. மிச்சமிருந்த 'பளிச்' அதிலிருந்து வந்திருக்கிறது.

ஜனவரி 22

இன்று கண்ணை மூடிக்கொண்டு செய்யும் சோதனை. அக்கா மகன் வந்திருந்தான். அவனை ஸ்விட்சிடம் உட்காரவைத்து, நான் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஸ்விட்ச் பற்றி: முதலில் ஸ்பீக்கர் கம்பியைக் கையால் பிடுங்கி மாற்றிக்கொண்டிருந்தோம். அதற்கு முக்கால் நிமிடம் ஆனது. அந்த இடைவெளியில் ஒலி நினைவில் நிற்பதில்லை, அது பற்றிய கருத்துதான் நிற்கிறது. அதனால் ஒரு சுழல் ஸ்விட்ச் பெட்டி செய்தேன். பிளஸ், மைனஸ் இரண்டு கம்பிகளையும் மாற்றுகிற ஸ்விட்சாக இருக்க வேண்டும், ஏனென்றால் எல்லா ஆம்ப்களிலும் மைனஸ் முனை பூமியோடு சேர்ந்திருக்காது. பழைய தொடர்பை முழுக்க விட்ட பிறகே புதியதைத் தொடும் வகையாகவும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கணம் இரண்டு ஆம்ப்களும் ஒன்றின் வாயில் ஒன்று ஊதும், ஏதோ ஒன்று கருகும். வால்வு ஆம்ப் (டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாயில் ஓடுவது) வைத்திருப்பவர்கள் இந்தப் பெட்டியை அப்படியே பயன்படுத்தக் கூடாது. ஸ்பீக்கர் கழன்ற நிலையில் பாட்டு ஓடினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடலாம்.

"மாமா, மாத்தியாச்சு" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வான். மாற்றாமலே சில தடவை அப்படிச் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. அதை நாணயம் சுண்டித் தீர்மானித்தான்.

வெள்ளிமுகமா கறுப்புப்பெட்டியா என்பதில் 10க்கு 6 சரி. சும்மா ஊகித்தாலே 5 வரும். 10க்கு 8 அல்லது அதற்கு மேல் வெறும் ஊகத்தில் வரும் வாய்ப்பே சுமார் 5.5 சதவீதம், ஆகவே 6 என்பது எதையும் காட்டவில்லை.

மரப்பெட்டியா கறுப்புப்பெட்டியா என்பதில் 10க்கு 10. தயங்கவே இல்லை, சில சமயம் அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

எனவே 'எல்லா ஆம்ப்பும் ஒன்றுதான்' என்ற முடிவுக்கு நான் வரவில்லை. மரப்பெட்டி வேறு. ஏன் வேறு என்பதைப் பார்க்க வேண்டும்.

ஜனவரி 23

இந்தச் சோதனை புதிதல்ல. 1978இல் குவாட் நிறுவனம் தன் மூன்று தலைமுறை ஆம்ப்களை இப்படிக் கேட்கவைத்தது: வால்வில் ஓடும் குவாட் 2, டிரான்சிஸ்டர் 303, அப்புறம் 405. சோதனையை நடத்தியவர் ஜேம்ஸ் மோயர், முடிவு வயர்லெஸ் வேர்ல்ட் இதழில் வந்தது. கேட்டவர்களால் நம்பத்தக்க அளவில் பிரித்துச் சொல்ல முடியவில்லை. 1987 ஜனவரியில் ஸ்டீரியோ ரிவ்யூ இதழும் பல விலைத் தரங்களில் உள்ள ஆம்ப்களை வைத்துச் செய்தது, அதிலும் அதே முடிவுதான்.

ஜனவரி 23, பிறகு

மேலே உள்ளதில் ஒன்றைச் சரிசெய்துகொள்கிறேன். குவாட் சோதனை பவர் ஆம்ப்களுக்கானது, அதாவது ஸ்பீக்கரை ஓட்டும் பகுதி மட்டும். நாம் பேசுவது இன்டக்ரேட்டட் பற்றி. அதற்குள் இசைத்தட்டுக்கான ஃபோனோ பகுதி, டோன் பகுதி, வால்யூம், வரிசையாக ஸ்விட்ச்கள் எல்லாம் இருக்கின்றன. வித்தியாசம் நுழைய எத்தனையோ கதவுகள். அந்த முடிவை அப்படியே எடுத்து இங்கே ஒட்டுவது நியாயம் இல்லை. இன்னொன்று, அங்கே வைத்தவை எல்லாம் நல்ல நிலையில் இருந்த கருவிகள். ஐம்பது வருடம் ஓடிய கருவி வேறு கதை.

பிப்ரவரி 2

மரப்பெட்டியைத் திறந்தேன்.

அந்தக் காலத்து டிரான்சிஸ்டர் ஆம்ப்கள் பலவற்றில் மின்வழங்கல் ஒற்றை. பிளஸ் மட்டும், மைனஸ் கிடையாது. அதனால் வெளியீட்டு முனை பாதி மின்னழுத்தத்தில் உட்கார்ந்திருக்கும். அது ஸ்பீக்கருக்குப் போகாமல் தடுக்க நடுவில் ஒரு பெரிய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் இருக்கும். பாட்டு முழுக்க அதன் வழியாகத்தான் போயாக வேண்டும். பேஸ் எவ்வளவு ஆழத்துக்குப் போகும் என்பதை அந்தக் கெப்பாசிட்டரும் ஸ்பீக்கரின் ஓமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன.

என்னுடையதில் கெப்பாசிட்டரின் கொள்ளளவு 1000 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டிருக்கிறது. 8 ஓமில் அது 20 ஹெர்ட்ஸில் 3 டெசிபல் இறங்கும். மோசமில்லை. கழற்றி அளந்தேன். இடப்பக்கம் 400, வலப்பக்கம் 550. 400க்குக் கணக்குப் போட்டால் 50 ஹெர்ட்ஸிலேயே 3 டெசிபல் போய்விடுகிறது. 4 ஓம் ஸ்பீக்கராக இருந்தால் 100 ஹெர்ட்ஸிலேயே அந்த 3 டெசிபல் போயிருக்கும்.

நான் 'மெலிந்தது, சுத்தமானது' என்று எழுதிய பேஸ் இதுதான். உள்ளே ஈரம் வற்றிய இரண்டு கெப்பாசிட்டர்கள்.

புதியவை 2200 போட்டேன், வோல்ட் அளவு பழையதை விடக் கூடுதலாகவே எடுத்தேன். இதற்கு மேல் போகவில்லை. கெப்பாசிட்டர் பெரிதாகப் பெரிதாக, ஸ்விட்ச் போடும்போது அது ஸ்பீக்கர் வழியாக நிரம்பும் நேரமும் கூடுகிறது. அந்தத் 'தொம்' நீண்டுகொண்டே போகும், ஸ்பீக்கருக்கு நல்லதல்ல.

பிப்ரவரி 3

ஒரு நண்பர் திருத்தினார், சரியான திருத்தம். சில வடிவமைப்புகளில் ஃபீட்பேக்கை (வெளியீட்டில் ஒரு பங்கை உள்ளே திருப்பி அனுப்பிப் பிழை திருத்துவது) கெப்பாசிட்டருக்குப் பின்னாலிருந்து எடுப்பார்கள். அங்கே ஆம்ப் அந்த இழப்பை ஓரளவு ஈடுகட்டும், என் கணக்கு பொருந்தாது. என் ஆம்ப்பின் வரைபடத்தைப் பார்த்தேன், முன்னாலிருந்துதான் எடுத்திருக்கிறார்கள். உங்களுடையதில் வரைபடத்தைப் பார்க்காமல் என் எண்களை நம்ப வேண்டாம். ஸ்பீக்கரின் 8 ஓம் என்பதும் பெயருக்குத்தான், பேஸ் பகுதியில் அது 6க்கும் 30க்கும் இடையே ஏறி இறங்கும்.

பிப்ரவரி 4

கெப்பாசிட்டர் மாற்றிய மரப்பெட்டியை இரண்டு நாளாகக் கேட்கிறேன். பிடிக்கவில்லை.

இதை எழுதவே தயக்கமாக இருந்தது. பேஸ் வந்துவிட்டது, மற்ற இரண்டைப் போலவே நிறைய வந்துவிட்டது. டபுள் பாஸின் சுரங்கள் மறுபடி குழைகின்றன. பழுதாக இருந்தபோதுதான் நன்றாக இருந்தது. இது என் காதின் கோளாறா? இல்லை என்றே நினைக்கிறேன். பிறகு எழுதுகிறேன்.

பிப்ரவரி 5

டேப் எடுத்து அறையை அளந்தேன். நீளம் 3.8 மீட்டர். ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர். அதை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் 45 ஹெர்ட்ஸ். இரண்டு சுவர்களுக்கு நடுவே அந்த அதிர்வெண் நின்று முழங்கும். டபுள் பாஸின் கீழ்த்தந்தி ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ். ஆக, கீழ்த்தந்தியின் அடி சுரங்கள் எல்லாம் என் அறை முழங்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே விழுகின்றன.

பழைய கெப்பாசிட்டர் 45 ஹெர்ட்ஸில் சுமார் மூன்றரை டெசிபல் தின்றுகொண்டிருந்தது. அறை கூட்டியதை ஆம்ப்பின் முதுமை கழித்துவிட்டது. நான் மரப்பெட்டியின் குரல் என்று நம்பியது, என் அறையும் அதன் நோயும் சேர்ந்து செய்துகொண்ட ஓர் ஒப்பந்தம். அதே ஆம்ப்பை வேறு அறைக்கு எடுத்துப்போனால் அங்கே அது வெறும் மெலிந்த ஆம்ப்பாகத்தான் இருந்திருக்கும்.

இணையத்தில் 'இந்த மாடல் பேஸ் மெலிவு', 'அந்த மாடல் தடிப்பு' என்று எழுதியிருப்பதைப் படிக்கும்போது இனி இது நினைவுக்கு வராமல் இருக்காது. எழுதியவரின் அறை எவ்வளவு நீளம், கெப்பாசிட்டர் எத்தனை வயது என்று யாரும் எழுதுவதில்லை.

பிப்ரவரி 8

மரப்பெட்டியில் இன்னொரு வித்தியாசம் மிச்சமிருந்தது. இரவில் மிகக் குறைந்த சத்தத்தில் கேட்டால் குரலில் 'ஸ' வரும் இடங்களில் மணல் உரசுவது போல ஒரு சொரசொரப்பு. சத்தம் கூட்டினால் தெரிவதில்லை.

அலையின் மேற்பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் கீழ்ப்பாதியை இன்னொன்றும் தள்ளுகின்றன. கை மாறும் இடத்தில் சின்ன வழுக்கல் இருந்தால், சின்ன அலையில்தான் அது பெரிதாகத் தெரியும். 1960களில் கீழ்ப்பாதிக்கு வேண்டிய நல்ல சிலிக்கான் பிஎன்பி வகைப் பவர் டிரான்சிஸ்டர்கள் எளிதில் கிடைக்கவில்லை. அதனால் இரண்டு பாதிக்கும் மேற்பாதிக்குரிய என்பிஎன் வகையையே வைத்துச் சமாளித்தார்கள். இரு பாதியும் சமச்சீராக இல்லாததால் கைமாற்றம் இன்னும் கரடாகும். ஆரம்பகால டிரான்சிஸ்டர் ஆம்ப்கள் வால்வு கேட்டுப் பழகியவர்களிடம் கெட்ட பெயர் வாங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். (அதற்கும் முந்தியது லீக் ஸ்டீரியோ 30 என்ற ஆம்ப், 1963, சிலிக்கானுக்கு முந்தைய ஜெர்மேனியம் டிரான்சிஸ்டரில் வந்தது. நான் கேட்டதில்லை, கேட்க ஆசை.)

மரப்பெட்டியின் பயஸ் ட்ரிம்மர் (பாட்டு இல்லாதபோது டிரான்சிஸ்டரில் ஓடும் மின்னோட்டத்தைத் திருத்தும் சிறு திருகு) நகர்ந்துபோயிருந்தது. சர்வீஸ் கையேட்டில் சொன்ன அளவுக்கு, அரை மணி நேரம் சூடாக்கிய பிறகு திருத்தினேன். சொரசொரப்பு முக்கால்வாசி போய்விட்டது. கையேடு இல்லாமல் இந்தத் திருகைத் தொடாதீர்கள். ஒரு கால் சுற்று அதிகமானால் டிரான்சிஸ்டர் சூடேறி, சூடானதால் இன்னும் மின்னோட்டம் இழுத்து, கண் முன்னே செத்துப்போகும்.

அக்கா மகனைக் கூப்பிட்டு மறுபடி சோதனை. மரப்பெட்டிக்கும் கறுப்புப்பெட்டிக்கும் இம்முறை 10க்கு 7. ஏதோ ஒன்று இன்னும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

பிப்ரவரி 11

இதுவரை பேசியது எல்லாம் சிடி வைத்து. இசைத்தட்டுக்குப் போனால் கதையே மாறுகிறது. கறுப்புப்பெட்டி அங்கே தெளிவாக வேறு மாதிரி ஒலிக்கிறது. மேலே பளிச்சென்று, அதற்கும் மேலே சட்டென்று மூடிக்கொண்டு. கண்ணை மூடிக்கொண்டு 10க்கு 9 சொன்னேன்.

இசைத்தட்டின் ஊசியைத் தாங்கும் மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜுக்குள் இருப்பது பல சுற்றுக் கம்பிச் சுருள். அதற்குப் பக்கத்தில் கெப்பாசிட்டன்ஸ் (மின்னூட்டத்தைத் தேக்கும் திறன்) வந்தால் இரண்டும் சேர்ந்து ஓர் அதிர்வெண்ணில் ஒலியை எம்பவைத்து, அதற்குமேல் விழவைக்கும். சுருள் 500 மில்லிஹென்றி என்று வைத்தால், மொத்தம் 200 பிகோஃபாரட் இருக்கும்போது அந்த எம்பல் 16,000 ஹெர்ட்ஸ் அருகே நிற்கும், பலருடைய காதுக்கு எட்டாது. 400 ஆனால் 11,000க்கு இறங்கிவிடும், அது காதில் விழும் இடம். இந்த மொத்தத்தில் கார்ட்ரிட்ஜைத் தாங்கும் டோன்ஆர்மின் கம்பி, கேபிள், ஆம்ப்பின் ஃபோனோ நுழைவு மூன்றும் சேரும். கறுப்புப்பெட்டியின் நுழைவில் மட்டும் 330 பிகோஃபாரட் வைத்திருக்கிறார்கள், வெள்ளிமுகத்தில் 100. கேபிளை நான் இரண்டுக்கும் மாற்றவே இல்லை.

ஆகவே யாராவது 'அந்த ஆம்ப்பின் ஃபோனோ கூர்மை' என்றால் எந்தக் கார்ட்ரிட்ஜ், எவ்வளவு நீளக் கேபிள் என்று கேளுங்கள். ஆம்ப்பின் கூர்மையாகவே இருக்கலாம், ஆனால் தனியாக அது வராது. ஆர்ஐஏஏ வளைவும் இருக்கிறது. 1950களின் நடுவிலிருந்து தட்டுகள் அந்த வளைவில்தான் பேஸைக் குறைத்து ட்ரெபிளைக் கூட்டி வெட்டப்படுகின்றன, ஆம்ப் அதைத் திருப்பி நேராக்க வேண்டும். அந்த வேலையைச் செய்யும் ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் வயதாகி ஐந்து சதவீதம் விலகினாலே நேர்கோடு சாய்ந்துவிடும்.

இசைத்தட்டைப் பொறுத்தவரை என் முதல் பதிலை முழுக்கத் திரும்பப் பெறவில்லை. பழைய இன்டக்ரேட்டட் ஆம்ப்களுக்குள் உண்மையான, பெரிய வித்தியாசம் இங்கே இருக்கிறது.

பிப்ரவரி 13

கிளாஸ் ஏ (கைமாற்றமே இல்லாமல் இரண்டு டிரான்சிஸ்டரும் எப்போதும் ஓடும் முறை) பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். யமஹா சிஏ-1000 என்ற ஆம்ப் 1973இல் வந்தது. முகப்பிலேயே கிளாஸ் ஏ ஸ்விட்ச் உண்டு. போட்டால் 15 வாட், எடுத்தால் அதைப்போலப் பல மடங்கு. ஒரே ஆம்ப்பில், ஒரே ஸ்பீக்கரில், ஒரு விரலால் ஒப்பிடலாம் என்பது அருமையான வசதி. நண்பர் ஒருவர் வீட்டில் ஒரு மாலை முழுக்க அதைத் தட்டித் தட்டிக் கேட்டேன். ஆம்ப்பின் மேல்மூடி சூடானது நன்றாகத் தெரிந்தது. ஒலியில் எனக்கு எதுவும் தெரியவில்லை.

பிப்ரவரி 20

இப்போது எதிர்த்திசையில் ஒரு குறிப்பு. மூன்றையும் வண்டியில் ஏற்றி நண்பர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவருடைய ஸ்பீக்கர் பெயருக்கே 4 ஓம், பேஸில் 3க்குக் கீழே இறங்குகிறது, சத்தம் போடவும் நிறைய வாட் கேட்கிறது. அறையும் பெரியது.

அங்கே வித்தியாசம் வெளிப்படையாக இருந்தது. ஸ்விட்ச் பெட்டியே தேவைப்படவில்லை. வாத்தியக் குழு உச்சத்துக்கு ஏறும் இடத்தில் கறுப்புப்பெட்டி திணறியது. வயலின்கள் தகரம் போல ஆயின. மரப்பெட்டியை அந்த அளவுக்குக் கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை, பாதியிலேயே நிறுத்திவிட்டேன். வெள்ளிமுகம் அசையாமல் நின்றது. அந்தக் கனமான டிரான்ஸ்ஃபார்மர் எதற்கு என்று அன்றுதான் புரிந்தது.

என் வீட்டில் அரை வாட்டில் 10க்கு 6 என்று எழுதியதை, 'ஆம்ப்களில் வித்தியாசமே இல்லை' என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சுமை இல்லாதபோது எல்லா மாடும் ஒரே வேகம்தான். மேட்டில் வண்டி ஏறும்போது பார்க்க வேண்டும்.

என்ஏடி 3020 என்ற ஆம்ப் இந்த விஷயத்தில் நல்ல பாடம். 1978இல் வந்தது, எரிக் எட்வர்ட்சன் வடிவமைத்தது, தாளில் 20 வாட்தான். ஆனால் குறைந்த ஓம் ஸ்பீக்கரைக் கண்டு பயப்படாமல், கணநேர உச்சங்களுக்குத் தாளில் உள்ளதைவிட நிறையக் கொடுத்தது. எல்லையைத் தொட்டால் சட்டென்று வெட்டாமல் மெல்ல வளைக்கும் சுற்று வேறு இருந்தது. பெரிய ஆம்ப் போல ஒலிக்கிறது என்று மக்கள் சொன்னதில் மாயம் எதுவும் இல்லை, அதற்கான காரணம் சுற்றிலேயே இருக்கிறது. நேர்மாறான வழியில் நெய்ம் நெய்ட் என்ற ஆம்ப், 1983. ஏறக்குறைய 15 வாட், டோன் குமிழே கிடையாது. அதையும் மக்கள் கொண்டாடினார்கள்.

பிப்ரவரி 21

நேற்று அங்கே இன்னொன்றும் நடந்தது. வெள்ளிமுகத்தின் இடப்பக்கம் சில பாட்டுகளில் மந்தமாக இருந்தது. சத்தத்தைக் கூட்டினால் சரியாகிவிடும். காரணம், ஸ்பீக்கரை ஆம்ப்போடு இணைக்கும் தானியங்கி ஸ்விட்சான ரிலேயின் தொடுமுனையில் கறை. சத்தம் கூடும்போது மின்னோட்டம் அந்தக் கறையைத் துளைத்துவிடுகிறது. கறை அரை ஓம், ஒரு ஓம் என்று சேர்த்தால் என்ன ஆகும் பாருங்கள்: ஸ்பீக்கரின் தடை ஓர் இடத்தில் 20 ஓம், இன்னோர் இடத்தில் 4 ஓம் என்றால், வழியில் 1 ஓம் நின்றாலே இரண்டு இடங்களுக்கும் ஒன்றரை டெசிபல் வித்தியாசம் வந்துவிடும். 0.1 ஓம் என்றால் 0.2க்கும் குறைவு. வால்வு ஆம்ப்களின் 'வெதுவெதுப்பு' என்று சொல்வதில் ஒரு பங்கும் இதே கணக்குதான். அவற்றின் வெளியீட்டுத் தடை இயல்பிலேயே கூடுதல், ஆகவே ஸ்பீக்கரின் மேடுபள்ளம் ஒலியில் பதிந்துவிடும்.

ரிலேயை மாற்றிவிட்டேன். ஜனவரி 22 சோதனையில் இந்தக் கறை இருந்ததா, இருந்திருந்தால் அந்த 6இல் அதன் பங்கு எவ்வளவு என்று இனி பிரிக்க வழியில்லை. புது ரிலேயோடு அதே சோதனையை மறுபடி செய்தேன், 10க்கு 5.

மார்ச் 1

பழைய ஆம்ப் வாங்கியவுடன் நேரே ஸ்பீக்கரை மாட்டி ஸ்விட்சைப் போட வேண்டாம். ஒரு குண்டு பல்பைத் தொடராக இணைத்து அதன் வழியாக முதலில் மின்சாரம் கொடுங்கள். பல்பு ஒரு முறை பளிச்சிட்டு மங்கினால் நல்லது. பிரகாசமாகவே நின்றால் உள்ளே ஏதோ ஷார்ட், உடனே அணைத்துவிடுங்கள். பிறகு ஸ்பீக்கர் முனையில் டிசி (திசை மாறாத) மின்னழுத்தம் எவ்வளவு என்று பாருங்கள். இரட்டை மின்வழங்கல் உள்ளதில் சில பத்து மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும், வோல்ட்டில் இருந்தால் ஸ்பீக்கர் கருகிவிடும். ஜப்பான் உள்நாட்டுக்கென்று செய்தவை 100 வோல்ட்டில் ஓடுபவை, பின்புறத் தகட்டைப் படிக்காமல் செருகாதீர்கள். இதையெல்லாம் முடித்த பிறகுதான் ஒலி எப்படி என்ற பேச்சு.

மார்ச் 9

கேள்வி கேட்ட நண்பர் மறுபடி வந்து, 'அப்படியென்றால் கடைசியில் எதை வைத்துக்கொள்ளப்போகிறீர்கள்' என்கிறார்.

4 ஓம் ஸ்பீக்கர் வாங்கினால் வெள்ளிமுகம். இசைத்தட்டுக்கு இப்போதும் வெள்ளிமுகம்தான், அதன் நுழைவு என் கார்ட்ரிட்ஜுக்குப் பொருந்துகிறது. என் ஸ்பீக்கரில் சிடி கேட்க மூன்றில் எதுவானாலும் சரி. மேஜையில் இருப்பது மரப்பெட்டி. குமிழ் திரும்பும்போது கையில் ஒரு நல்ல கனம் தெரிகிறது, இரவில் அதன் சிறு விளக்கு பிடித்திருக்கிறது. ஒலிக்காக அதை வைத்திருக்கிறேன் என்று இனி சொல்ல மாட்டேன்.

பழைய கெப்பாசிட்டர்களைத் திரும்பப் போட்டுவிடலாமா என்று பிப்ரவரி முழுக்க ஓர் ஆசை இருந்தது. அதற்குப் பதிலாகப் பின்சுவரோடு ஒட்டிக் கிடந்த நாற்காலியை ஒன்றே கால் மீட்டர் முன்னால் இழுத்துப் போட்டேன். அறை நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு. அந்த இடத்தில் 45 ஹெர்ட்ஸ் முழக்கத்தின் அழுத்தம் சுவரோரத்தில் இருப்பதில் பாதி. டபுள் பாஸின் சுரங்கள் மறுபடி தனித்தனியாகக் கேட்கின்றன, மூன்று ஆம்ப்களிலும்.